முன்சீட்டில் எத்தனை மூட்டை

என் வீட்டுக்காரர் காளிதாஸ் ரயிலைவிட்டு இறங்கி வந்த அன்று, வாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்த பிறகுதான் என்னைப் பார்த்தார். கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. வண்டியை மூன்று தடவை சுற்றி வந்தார். பானெட்டை விரல் முட்டியால் தட்டினார், டயரை உதைத்தார், மல்லாந்து படுத்து அடியில் தலையை விட்டார். பிறகு எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, வண்டி நல்ல வண்டிதான், இரும்புதான் பத்தாது என்றார்.

பதினாறு வருஷமாக போர்வெல் ரிக்கில் இருக்கிற மனுஷன். சத்தீஸ்கர் பக்கம் பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பவருக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் இரும்பு பத்தாதுதான். அங்கே மழை பிடித்தால் வேலை நின்றுவிடும். அப்போது ஊருக்கு வருவார், ஆடி முடிந்த கையோடு கிளம்பிவிடுவார். மீதிப் பத்து மாதமும் எங்களுக்குப் போனில்தான் குடித்தனம். இங்கேயே இருந்துவிடுங்கள் என்று மூன்று வருஷம் விடாமல் கேட்டேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மூன்று வருஷமும் அதே பதில். அதற்கப்புறம் கேட்பதை விட்டுவிட்டேன். ஆசை போய்விடவில்லை, கேட்டுக் கேட்டு எனக்கே என் குரல் சலித்துவிட்டது. இந்த வருஷம் அவரைக் கேட்காமலே ஜீப்பை வாங்கினேன்.

எனக்கு அரளிப்பூ வியாபாரம். பனமரத்துப்பட்டி ஏரியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மொட்டு வாங்கி, மூட்டை கட்டி, சேலம் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. கீழ்த்தோட்டங்களுக்கு என்னுடைய பழைய குட்டியானை வண்டி போதும். ஆனால் மலைச்சரிவில் ஒன்பது குடும்பங்கள் அரளி போட்டிருக்கின்றன. அங்கே போகிற வழிக்குப் பாதை என்று பெயர் வைத்தவருக்கு ரொம்பப் பெரிய மனசு. கல்லும் ஓடையும் சேறுமாக மூன்று கிலோமீட்டர். மூட்டையைத் தலையில் வைத்துத்தான் இறக்க வேண்டும்.

அரளியில் மொட்டுக்குத்தான் மரியாதை. கொஞ்சம் சூடு பட்டால் மூட்டைக்குள்ளேயே விரிந்துவிடும். விரிந்ததை மார்க்கெட்டில் ஒரு ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். மேல்தோட்டத்துச் சின்னாயக்கா கழுத்து வலியோடு சுமந்து இறங்கி வருவதற்குள் பாதி மூட்டை சிரித்துக்கொண்டிருக்கும். ஒருநாள் அவர் ரோட்டோரமாக உட்கார்ந்து, பேசாமல் செடிகளைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி போட்டுவிடப் போவதாகச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. ஆடி முதல் வெள்ளிக்கு வண்டியே உங்கள் தோட்டத்துக்கு வரும் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஏற்காட்டில் எஸ்டேட் வைத்திருந்த ஒருவர் விற்ற, நாலு சக்கரமும் இழுக்கிற இந்த ஜீப் அப்படித்தான் எங்கள் வாசலுக்கு வந்தது.

அதில் என்னென்ன மாற்ற வேண்டும் என்று நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன். சேற்றில் பிடிக்கிற டயர். பின்சீட்டை எடுத்துவிட்டுத் தரையில் கெட்டியான ரப்பர் விரிப்பு, ஈரச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டும் என்பதால். பின்பக்கக் கண்ணாடிகளுக்குப் பதிலாகக் கம்பிவலை, பூவுக்குக் காற்று வேண்டும் என்பதால். அவ்வளவுதான் என் பட்டியல். அதை அவர் வாங்கிப் படித்துவிட்டு, கேட்டில் மாட்டுகிற கம்பிவலையை எதற்கு வண்டியில் மாட்டுகிறாய் என்றார். அவருடைய பட்டியலுக்குத் தாளே தேவைப்படவில்லை, எல்லாம் மனப்பாடம். முன்னால் இரும்புக் கம்பி, அதில் இழுவை வின்ச், கூரைமேல் ஆறு விளக்கு, அடியில் தகடு, பாரம் தாங்குவதற்குப் பின்பக்க ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதல்.

சங்ககிரியில் லாரிக்கு பாடி கட்டுகிற தீர்த்தகிரி அவருடைய கூட்டாளி. வண்டியை அங்கே கொண்டுபோனோம். ஓட்டிக்கொண்டு போனவள் நான். ஆனால் தீர்த்தகிரி அண்ணன் கேட்ட கேள்வி எல்லாம் அவரிடம். லோடு எவ்வளவு வரும் என்றார். இவர் யோசிக்காமல், தாராளமாகவே வரும் என்றார். இரண்டு பேருமே வாழ்நாள் பூராவும் பத்து டன், இருபது டன் என்று பேசிப் பழகியவர்கள். பூவுக்கு ஏதுங்க எடை, இடம்தான் அடைக்கும் என்று நான் சொன்னது வெல்டிங் சத்தத்தில் போய்விட்டது. இன்னும் கொஞ்சம் கத்திச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது. சின்னப் பிள்ளைக்குத் தேர்த்திருவிழாக் கடையில் பொம்மை வாங்கிக் கொடுத்த மாதிரி. வருஷத்தில் இரண்டு மாதம் வீட்டில் இருக்கிறவரோடு எதற்குச் சண்டை என்று விட்டுவிட்டேன்.

நான்கு நாளில் வண்டி வந்தது. என் பட்டியலும் வந்திருந்தது, அவர் பட்டியலும் வந்திருந்தது. தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் யாரையோ கைதுசெய்யப் போகிற வண்டி என்று நினைத்திருப்பார்கள்.

வெள்ளிக்கு மூன்று நாள் முன்னால் காலையிலேயே வெள்ளோட்டம் போனோம். நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில். முதல் அரை கிலோமீட்டரிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பட்டையை ஏற்றிக் கெட்டியாக்கிய பின்பக்கம் ஒவ்வொரு கல்லுக்கும் ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளியது. துள்ளும்போது சக்கரம் தரையில் பதிந்தால்தானே இழுக்கும்? வின்ச்சும் கம்பியுமாக மூக்கு கனத்துக் கிடந்ததால் ஓடையில் இறங்கியபோது முன்பக்கம் போய்க் குத்தியது. இரண்டாவது வளைவில் சக்கரம் வெறுமனே சுற்றி, வண்டி பின்னால் சறுக்கி, அடியில் பாறை மோதிப் பெரிய சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தோம். அவர் போடச் சொன்ன தகடு மட்டும் நசுங்கியிருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. அதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்தத் தகடு இல்லாவிட்டால் எஞ்சின் ஆயில் பூராவும் ஓடையில் போயிருக்கும். அப்படியே அவரிடம் சொன்னேன். அவரும் பதிலுக்கு, பட்டை ஏற்றியது தப்புத்தான் என்றார். கல்யாணமான பதினான்கு வருஷத்தில் அவர் வாயிலிருந்து தப்பு என்ற சொல் வந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

எப்படியோ உருட்டி மேலே போய்ச் சேர்ந்தோம். சின்னாயக்கா தோட்டத்தைவிட்டு ஓடி வந்து பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சும்மா வாயிலதான் சொல்றயின்னு நெனச்சேன் சாமி. நெசமாவே வந்துட்டியே" என்றார்.

வெள்ளோட்டத்துக்கென்று ஆறு மூட்டை கொடுத்தார்கள். பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வந்து, வீட்டில் பிரித்துப் பார்த்தோம். மேலே இருந்த நாலும் பச்சைமொட்டு. அடியில் நசுங்கிக் கிடந்த இரண்டும் வெதுவெதுவென்று, பாதிக்குப் பாதி விரிந்திருந்தன. வலை வைத்து என்ன செய்ய, மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவே காற்றுப் போக வேண்டும். அடுக்கவே கூடாது, ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்த வேண்டும். அளந்து பார்த்தேன். பின்னால் ஒன்பது மூட்டை நிற்கும். மேல்தோட்டத்தில் வெள்ளிக்கிழமை வரப்போவது பன்னிரண்டு. மிச்சம் மூன்றுக்கு ஒரே வழிதான் இருந்தது. முன்னால் இடப்பக்கத்துச் சீட்டைக் கழற்றிவிட வேண்டும்.

மறுநாளே சங்ககிரிக்குத் திரும்பப் போனோம். தீர்த்தகிரி அண்ணன் எங்களைப் பார்த்ததும் இன்னும் ஏதோ மாட்ட வந்திருக்கிறோம் என்று கையைத் துடைத்துக்கொண்டு உற்சாகமாக வந்தார். கழற்ற வந்திருக்கிறோம் என்றதும் முகம் சுண்டிப்போயிற்று. என் வீட்டுக்காரரே ஒவ்வொன்றாகச் சொன்னார். பட்டை இரண்டையும் எடுத்துவிடு. வின்ச்சை எடு. கம்பியை எடு. விளக்கு ஆறும் வேண்டாம், மரக்கிளையில் மாட்டுகிறது. தகடு மட்டும் இருக்கட்டும். ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. ஸ்பேனரை வாங்கி அவரே இரண்டு போல்ட்டைக் கழற்றினார். இவ்வளவு நல்ல மனுஷனா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கடைசியாக நான், அந்த முன்சீட்டையும் கழற்றிவிடுங்கள் அண்ணா என்றேன்.

"சீட்டு இருக்கட்டும்" என்றார் இவர்.

மூட்டைக் கணக்கைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார், மறுபடியும் சீட்டு இருக்கட்டும் என்றார். மேல்தோட்டத்துக்கு இரண்டு நடை போ என்றார். இரண்டாவது நடைக்குள் வெயில் ஏறிவிடும், மார்க்கெட் தவறிவிடும் என்றேன். கூரைமேல் கட்டலாம் என்றார். கிளை மோதும் என்று இப்போதுதானே விளக்கைக் கழற்றினீர்கள் என்றேன். இழுவை வின்ச்சைக் கழற்றும்போது வராத பிடிவாதம், நாலு போல்ட்டில் நிற்கிற ஒரு சீட்டுக்கு எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை. புரியாதபோது எனக்குக் கோபம்தான் வரும். தீர்த்தகிரி அண்ணன் இருக்கிறார் என்றும் பார்க்காமல் கேட்டுவிட்டேன்.

"அதுல யாருங்க உக்காரப் போறாங்க? நீங்க போனப்பறம் பத்து மாசம் சும்மாதான கெடக்கும்? அந்த எடத்துல மூணு மூட்டையாவது வரட்டுமே."

சொன்ன பிறகுதான் சொல் எவ்வளவு நீளம் போய்விட்டது என்று தெரிந்தது. தீர்த்தகிரி அண்ணன் எதையோ தேடுகிற மாதிரி பட்டறையின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார். இவர் கையிலிருந்த ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நான் எங்க புள்ள உக்கார்றது?" என்றார்.

ஆடி முடிகிறவரைக்குமா, மூட்டைமேல் உட்காருங்கள் என்றேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"ஆடி முடிஞ்சும்தான். இனி வர்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ரிக்குக்கு வேற ஆளப் போட்டுட்டாங்க."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, ஆத்திரம். வந்து பன்னிரண்டு நாளாகிறது. பன்னிரண்டு நாளும் கம்பி, தகடு, பட்டை என்று இரும்பைப் பற்றியே பேசிவிட்டு, இதை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். இதை வந்த அன்றைக்கே சொன்னால் என்னவாம் என்று கேட்டேன்.

"சொல்லோணும்னுதான் வந்தேன். வாசல்ல வண்டி நின்னுச்சு. நானில்லாமயே எல்லாத்தையும் பாத்துக்கறயேன்னு இருந்துச்சு. இருங்கன்னு நீயும் இப்பெல்லாம் கேக்கறதில்ல. எதையாவது மாட்டிக் குடுத்தா, இதுல எனக்கும் ஒரு வேலை இருக்குமேன்னு பாத்தேன்."

பதினாறு வருஷம் பாறையைத் துளைத்தவர், என்னிடம் இதைச் சொல்லப் பயந்திருக்கிறார். அதை நினைத்ததும் ஆத்திரம் இருந்த இடம் தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெல்டிங் புகை என்று நினைத்துக்கொண்டாலும் நினைத்துக்கொள்ளட்டும். நான் கேட்காமல் விட்டதும் தப்புத்தான் என்று அவரிடம் சொன்னேன். சொல்வதற்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை.

தீர்த்தகிரி அண்ணனைக் கூப்பிட்டு, சீட்டில் கை வைக்க வேண்டாம் என்றேன். அவர் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, பட்டையைக் கழற்ற வண்டிக்கு அடியில் நுழைந்தார். ஆனால் மூன்று மூட்டை அப்படியேதான் இருந்தது. ஒன்பது குடும்பத்தில் ஒருவருடைய பூவையும் விட்டுவிட்டு வர என்னால் முடியாது.

"ஒரு மூட்டைய நீங்க மடில வெச்சுக்கோணும்" என்றேன்.

"ரெண்டா வையி. பூவுக்கேது எடை" என்றார். "இன்னொண்ண காலுக்கு நடுவுல நிறுத்திக்கலாம்."

வெள்ளிக்கிழமை காலை அப்படியேதான் இறங்கினோம். பட்டை இல்லாத வண்டி கல்லுக்குக் கல் பதிந்து பதிந்து வந்தது. பின்னால் ஒன்பது மூட்டையும் தனித்தனியாக நின்றன, வலை வழியாக மலைக்காற்று அடித்தது. முன்னால் இரண்டு மூட்டைக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் இருந்தார். நெற்றி மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அவருக்கு வழி ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் மூட்டைகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, எங்கே வந்திருக்கிறோம், எங்கே வந்திருக்கிறோம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஓடை தாண்டியாச்சு, வளைவு முடிஞ்சாச்சு என்று நானும் சலிக்காமல் சொல்லிக்கொண்டே வந்தேன். தார்ரோட்டில் ஏறியதும் மறுபடியும் கேட்டார்.

"ஏரிக்கரைக்கு வந்தாச்சுங்க" என்றேன்.