கட்டைவிரலைத் தூக்கினால்

எங்கள் செனோத்தேவுக்குள், அதாவது பாறை இடிந்து உண்டான இயற்கைக் கிணற்றுக்குள், இறங்க ஐம்பத்திரண்டு படிகள். நான் ஐம்பத்தொன்றோடு நின்றுவிடுகிற ஆள். வருகிறவர்களுக்கெல்லாம் மிதவைச் சட்டை மாட்டிவிடுவேன், உடம்பில் கிரீம் பூசிக்கொண்டு இறங்கப் பார்ப்பவனைத் தண்ணீர் கெட்டுவிடும் என்று திட்டித் தீர்ப்பேன். ஆனால் அந்தத் தண்ணீரில் கால் நனைத்ததில்லை. வாசலில் பனுச்சோ அடை பொரித்து விற்கும் செல்மிக்கு இதைச் சொல்லிச் சிரிக்காவிட்டால் பொழுது போகாது.

என் மகள் நெய்டியோ தண்ணீருக்கு அடியிலிருக்கும் குகைகளுக்குள் ஆட்களைக் கூட்டிப்போகிறாள். விட்டுத் தொலை என்று ஐந்து வருஷமாகச் சண்டை. போன மாதம் சண்டை முற்றியபோது சொன்னாள்:

"குகைக்குள்ள ஒரு சட்டம் இருக்குப்பா. யாராவது கட்டைவிரலைத் தூக்கினா உடனே எல்லாரும் மேல வந்துடணும். ஏன், எதுக்குன்னு கேக்கவே கூடாது. நீங்க ஒரு தடவை தூக்குங்க, அன்னிக்கே இந்த வேலைய விட்டுடறேன். ஆனா தண்ணிக்குள்ள வந்து தூக்கணும்."

"கொழுப்புடி உனக்கு."

"உங்க பொண்ணுதானே!"

இன்று ஒரு பிரெஞ்சுக்காரரோடு போனாள். திரும்பும் நேரத்தைப் பலகையில் எழுதியிருந்தாள்: 12.40. ஒரு மணியாகியும் வரவில்லை. வெயில் நீரில் பட்டுக் கண் கூசியதில் உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

"வந்துருவாண்ணே, படபடக்காதீங்க" என்றாள் மேலேயிருந்து செல்மி. இந்த முறை அவள் சிரிக்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

தினமும் நூறு பேருக்கு மாட்டிவிடும் சட்டை, என் உடம்புக்கு என்றதும் கொக்கி அகப்படவில்லை. எப்படியோ மாட்டி, கண்ணாடியையும் மூச்சுக்குழாயையும் பொருத்திக்கொண்டு, ஐம்பத்திரண்டாவது படியைத் தாண்டினேன். தண்ணீர் சில்லென்று நெஞ்சைப் பிடித்தது. முகத்தை உள்ளே அமிழ்த்தினேன்.

என் காலுக்கு நேர் கீழே, மூன்று ஆள் ஆழத்தில், கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தாள் நெய்டி. பக்கத்தில் அந்த மனிதர். ஆழமாகப் போய்வந்தால் மேலே வருமுன் அங்கே நின்று வெகுநேரம் காத்திருக்க வேண்டும் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். நான்தான் காதில் வாங்கியதில்லை. சுற்றிலும் வெயில் தூண் தூணாக இறங்கியிருந்தது. இவ்வளவு அழகையா நான் பூதம் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன்?

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் விரிந்தது. பிறகு பார்வை என் கைக்குப் போய் அங்கேயே நின்றது. கெஞ்சவில்லை, தலையாட்டவில்லை. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் காத்திருந்தாள்.

கட்டைவிரல் தானாக எழுந்தது. கூடவே ஆள்காட்டி விரலை வளைத்து அதன் நுனியில் சேர்த்தேன். எல்லாம் சரி என்று படியில் நின்று அவள் காட்டுவாளே, அந்த வட்டம்.

சற்று நேரத்தில் மேலே வந்து கண்ணாடியைக் கழற்றினாள். கண் சிவந்திருந்தது.

"ஏம்ப்பா தூக்கல?"

"ஏன், எதுக்குன்னு கேக்கக்கூடாதுன்னு நீதானடி சொன்னே" என்றேன். "கையைப் பிடி. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேன்."