நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு சருகுகள்

காலை பதினொரு மணிக்குத் தாடிக்காரன் நடக்க மறுத்துவிட்டான். அக்கா மவுஸைத் தட்டிப் பார்த்தாள். வயரைப் பிடுங்கிச் சொருகியும் பார்த்தாள். திரையில் கல் பாலத்தின் நடுவே ஆணியடித்த மாதிரி நின்றான். அவன் தலைக்கு மேல் ஒரு பெட்டி விரிந்தது. 'உங்கள் பையில் 4,112 காய்ந்த சருகுகள் உள்ளன. காரணம் என்ன? மாலை ஐந்துக்குள் விளக்கம் வராவிட்டால் இந்த அக்கவுண்ட் நிரந்தரமாக மூடப்படும்.'

மூன்று வருடமாக அந்தத் தாடிக்குள் உட்கார்ந்திருப்பது அவள்தான். தம்பி தன் வேனை விற்று ஆறு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்ட அறை அது. ஐந்து பேர் ஆன்லைன் விளையாட்டில் பூதங்களை அடித்துத் தங்கக்காசு சேர்ப்பார்கள். சேர்ந்ததெல்லாம் தாடிக்காரனின் பைக்கு வரும். வெளியே தம்பியிடம் நிஜப் பணம் கட்டியவர்கள் பாலத்துக்கு வருவார்கள். அக்கா எண்ணிக் கொடுப்பாள். தையல் கம்பெனியில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா போட்டுத் தேய்ந்த விரல் இங்கே கிளிக் செய்து தேய்ந்தது. கழுத்து வலி மட்டும் மாறவில்லை.

இந்த வியாபாரம் விளையாட்டு நடத்துகிற கம்பெனிக்கு ஆகாது. ஒருவன் இன்னொருவனுக்குச் சும்மா அள்ளிக் கொடுத்தால் மோப்பம் பிடித்துவிடுவார்கள். அதற்குத் தம்பி ஒரு வழி கண்டுபிடித்தான். வாங்க வருகிறவர் வெறுங்கையோடு வரக்கூடாது. வழியில் கிடக்கும் சருகு ஒன்றைப் பொறுக்கிவந்து தர வேண்டும். கொடுக்கல் வாங்கல் ஆகிவிட்டதே, யார் கேட்பது? சாயங்காலம் சருகுகளைக் கொட்டிவிட வேண்டும் என்றும் சொல்லித்தான் வைத்திருந்தான்.

தம்பி வந்து திரையை வெகுநேரம் பார்த்தான். பிறகு மற்ற ஐந்து பேரிடமும் சத்தமில்லாமல் சொன்னான். "அடிக்கிறத நிறுத்துங்கப்பா. அடிச்சு எங்க கொண்டுபோய்ப் போடுவீங்க?"

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஒண்ணைக்கூடவா கொட்டல?"

"கையில குடுத்தத எப்படிடா தூக்கிப் போடறது?"

"அது சருகுக்கா. நிஜச் சருகுகூட இல்ல."

சருகின் மேல் அம்புக்குறியை வைத்தால் கொடுத்தவர் பெயரும் தேதியும் தெரியும் என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது? பதினான்கு வருடம் எத்தனையோ சட்டைகளுக்குக் காஜா போட்டிருக்கிறாள். அதில் ஒன்றையாவது யார் போட்டுக்கொண்டு திரிகிறார் என்று பார்த்ததில்லை. இங்கே ஆள் எதிரே வந்து நின்றான். வெள்ளிக்கிழமைதோறும் ஓட்டைக் கேடயத்தோடு வந்து கொஞ்சமாக வாங்கிப் போகிறவன் ஒருவன். குனிந்து வணங்கிவிட்டுத்தான் போவான்.

மதியம் முழுக்க விளக்கம் எழுதினார்கள். குப்பை பொறுக்குவது பொழுதுபோக்கு என்று எழுதச் சொன்னான் தம்பி. எழுதினாள். அவனே படித்துவிட்டு, "வீட்டைப் பெருக்கச் சொன்னாலே மூக்கால அழறவ நீ. எவன் நம்புவான்?" என்றான். இருவருக்கும் சிரிப்பு வந்தது, பாதியிலேயே அடங்கியது. சருகில் மருந்து காய்ச்சப் போவதாக எழுதி அதையும் அழித்தார்கள். வேனை விற்காமல் வைத்திருந்தாலும் இப்போது பழைய விலை கிடைத்திருக்காது என்று அவன் சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னான். பிறகு, "உனக்குத் தோணுறத எழுதிக்கோக்கா" என்று எழுந்துபோய்க் கதவருகே நின்றுகொண்டான்.

நாலரை ஆயிற்று. நாலு மணி டெலிவரிக்குப் பணம் கட்டிய மூன்று பேர் பாலத்தில் காத்திருந்தார்கள். தாடிக்காரன் அசையவில்லை. பாலத்தில் பேசக்கூடாது என்பதும் தம்பி வைத்த சட்டம்தான், ஒருவரும் பேசவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. ஓட்டைக் கேடயக்காரன் இரண்டு முறை சருகை நீட்டிப் பார்த்தான். தாடிக்காரன் கை நீட்டாததால் அதை அவன் காலடியில் வைத்துவிட்டு ஓரமாக நகர்ந்து நின்றான். அதைப் பார்த்து அடுத்தவனும் குனிந்தான்.

அக்கா பெட்டிக்குள், 'இதெல்லாம் எனக்குக் கொடுத்தது' என்று தட்டியிருந்தாள். அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு விட்டுவிட்டு மின்னிக்கொண்டே இருந்தது. பாலத்தில் மூன்றாவது சருகு விழுந்தது.