ஐந்தரை மணி நேரம்

"அதைப் பிடுங்காதீங்க!"

மிருதுளா போட்ட கூச்சலில், அழுதுகொண்டிருந்த சித்திகூட ஒரு நொடி வாயை மூடினாள். பின்னறையில் குனிந்திருந்த பந்தல்காரர் சிட்டிபாபு, பிளக்கில் வைத்த கையை எடுக்காமலே திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஐஸ் பொட்டி ஒயரு சூடாவுது. இங்க மாத்தலாம்னு பார்த்தேன். இது எதுக்கு சும்மா ஓடிகினு கீது?"

"எதுக்கோ ஓடட்டும். டிவி பிளக்குல மாத்திக்கோங்க. இதைத் தொடாதீங்க."

"தொடலம்மா, தொடல."

அவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனார். பாவம், அப்பா மேல உசுரு என்று யாரோ சொன்னார்கள். மிருதுளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உசுராவது மண்ணாவது. நேற்றுப் பதினொன்று இருபத்தாறுக்கு அப்பா போன் செய்தபோது, மீட்டிங்கில் இருக்கிறோம் என்று கட் செய்த மகராசி அவள்தான்.

அவள் தொடவிடாத அந்தப் பெட்டி டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். சேலையூர் வீட்டின் பின்னறை மூலையில் இரண்டு வருடமாகத் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிறது. அப்பா சத்யநாராயணன் காட்டாங்குளத்தூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் நிலநடுக்கப் பாடம் எடுத்தவர். அவருடைய மாணவர்கள் செய்த கருவி அது. எங்கோ கடலுக்கடியில் பூமி ஆடினாலும் காட்டும், அம்மா லோகநாயகி சமையலறையில் நடந்தாலும் காட்டும். பக்கத்தில் இருக்கும் பழைய லேப்டாப்பில் ஒரு கோடு இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். "நான் எங்க போறேன் வரேன்னு உங்கப்பா என்னைக் கேக்கவே வேணாம்டி" என்று அம்மா கேலி செய்வாள்.

நேற்று அம்மா மிக்ஸி ரிப்பேருக்காகக் கேம்ப் ரோடு போயிருந்தாள். பன்னிரண்டு நாற்பதுக்குத் திரும்பி வந்தபோது அப்பா பின்னறை வாசலில் குப்புற விழுந்து கிடந்தார். "மாசிவ் அட்டாக். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, கஷ்டப்பட்டிருக்க மாட்டார்" என்றார் டாக்டர்.

மிருதுளா அதை நம்பினாள், இன்று காலை ஆறு மணி வரைக்கும். ஆறு மணிக்கு லேப்டாப்பில் நேற்றைய பதிவைத் திறந்தாள். ஏன் திறந்தாய் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. 11:31-இல் கோடு எகிறிக் குதித்திருந்தது. விழுந்தது அதுதான். ஆனால் அதோடு நிற்கவில்லை. ஒரு தட்டல். கொஞ்சம் விட்டு இன்னொரு தட்டல். பிறகு நான்கைந்து சேர்ந்தாற்போல. இடையிடையே கசகசவென்று நெளிவு, புரண்டிருப்பார். 12:15 வரை இதே கதை. முக்கால் மணி நேரம் அப்பா தரையைத் தட்டிக்கொண்டு கிடந்திருக்கிறார். நடுவில் 11:50-க்கு அவள் திரும்ப அழைத்தாள். எடுக்கவில்லை, சரி, மத்தியானம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். கீழ்க்கட்டளை ஆபீசிலிருந்து வண்டியை எடுத்திருந்தால் அரை மணியில் வந்திருக்கலாம்.

"நொடியில போயிட்டாரு, கொடுத்து வச்சவரு" என்று சித்தி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்கும்போதெல்லாம் மிருதுளா பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அம்மாவிடம் சொல்வதா? ஃப்ளைட்டில் வந்துகொண்டிருக்கும் அண்ணன் ஹரிபிரசாத்திடம் சொல்வதா? சொல்லி என்ன ஆகப்போகிறது? சொல்லாமல் எப்படிச் சோறு இறங்கும்?

ஒன்பதரைக்குக் கல்லூரி வேன் வந்து நின்றது. இருபது பேர் இறங்கினார்கள். மாலையைப் போட்டுவிட்டு, வெட்கப்படாமல் தேம்பித் தேம்பி அழுதார்கள். பெற்ற பெண்ணுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, இவர்களுக்கு எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"சார் கிளாஸ்ல சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கும்க்கா" என்றான் கேஷவ் என்கிற பையன். "நிலநடுக்கம் எப்படி வரும்னு டேபிள் மேல ஏறிக் குதிச்சுக் காட்டுவார்."

மிருதுளா ஐஸ் பெட்டியைப் பார்த்தாள். டேபிள் மேல் ஏறிக் குதிப்பவரா? சாப்பிட்டாயா, வண்டியை மெதுவாக ஓட்டு. இந்த இரண்டு வாக்கியத்துக்கு மேல் வீட்டில் பேசாத மனிதர். இந்தப் பையன் வேறு யாரையோ பற்றிப் பேசுகிறானோ என்றுகூடத் தோன்றியது.

கூட்டத்தில் ஆஃபியா இருந்தாள். கருவியை இங்கே கொண்டுவந்து வைத்த ஆராய்ச்சி மாணவி. வீட்டுக்கு வந்து பழகியவள். மிருதுளா அவள் கையைப் பிடித்துப் பின்னறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"இதைப் படிச்சுச் சொல்லு. எனக்காகப் பொய் சொல்லாதே."

ஆஃபியா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். "இதுல என்னக்கா?"

"அப்பா விழுந்தது. அப்புறம் முக்கால் மணி நேரம் தட்டினது."

ஆஃபியா அவளைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். சட்டென்று அவளிடமிருந்து ஒரு சிரிப்பு வெளியே வந்துவிட்டது. பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, சாரிக்கா. இது நம்ம நேரமே இல்ல. உலகத்துல எல்லா நிலநடுக்க ஸ்டேஷனும் ஒரே கிரீன்விச் நேரம்தான் வைக்கணும். அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கணும். இது நேத்து சாயங்காலம்க்கா, அஞ்சு மணி."

"அஞ்சு மணியா?"

"ஃபர்ஸ்ட் இயர்ல எல்லாருமே இந்தத் தப்பைப் பண்ணுவோம். பண்றவங்க கிளாசுக்கே டீ வாங்கித் தரணும். சார் ரூல்."

ஐந்து மணிக்குத்தான் அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தார்கள். ஐஸ் பெட்டியைத் தொப்பென்று ஹாலில் இறக்கினார்கள். சொந்தக்காரர்கள் உள்ளே வருவதும் போவதுமாக இருந்தார்கள். வாசலில் சிட்டிபாபு பந்தலுக்குக் கடப்பாரையால் குழி போட்டார். தண்ணீர் பைப்பை உடைத்துவிடாதீர்கள் என்று அவளே பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். தட்டினது அந்தக் கடப்பாரைதான். மிருதுளா பின்னறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"அப்போ நிஜமா விழுந்தது எங்க?"

"பார்க்கணுமாக்கா?"

"பார்க்கணும்."

ஆஃபியா ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டாள். திரையை நகர்த்தி 06:02-இல் நிறுத்தினாள். ஒரே ஒரு எகிறல்.

"இதுதான். நம்ம பதினொண்ணு முப்பத்திரெண்டு." நேரத்தை எழுதி, பக்கத்தில் 0 என்று போட்டாள். "நேரம் குறிச்சா கூடவே ஒரு நம்பர் போடணும்க்கா. 0 போட்டா சந்தேகமே இல்ல. 4 போட்டா தெரியல."

அதற்குப் பிறகு கோடு நேராகப் போனது. மிருதுளா மூச்சை விட்டாள். 06:09-இல் சின்னதாக இரண்டு அசைவுகள்.

"இது?"

"தெரியலக்கா. கை அசைஞ்சிருக்கலாம். ரோட்ல லாரி போயிருக்கலாம். மாடியில யாராவது எதையாவது போட்டிருக்கலாம்."

"லாரிதான்னு சொல்லேன்."

ஆஃபியா தாளில் நேரத்தை மட்டும் எழுதினாள்.

"லாரின்னு எழுதி 0 போடு ஆஃபியா. யார் பார்க்கப்போறா?"

ஆஃபியாவின் கண் நிறைந்துவிட்டது. ஆனால் பென்சில் 4 என்றுதான் எழுதியது. "தெரியாததைத் தெரியும்னு எழுதினா சார் பேப்பரைக் கிழிச்சிடுவார்க்கா. 4 போட்டா முழு மார்க் தருவார்."

மிருதுளாவுக்கு அவளை ஓங்கி ஓர் அறை விடலாம் போல இருந்தது. அப்பாவையும் சேர்த்துத்தான். தெரியாது என்று எழுதுவதற்கு முழு மார்க் கொடுப்பவர் என்ன வாத்தியார்?

06:20-இல் கோட்டில் வரிசையாக ஏதோ தெரிந்தது. ஒரே உயரம், ஒரே இடைவெளி, சீப்புப் பல் மாதிரி. ஆறு பற்கள்.

ஆஃபியா தயங்கினாள். "அக்கா, சார் போன் எங்க இருந்தது?"

"சட்டைப் பையில."

வகுப்புக்காக எப்போதும் வைப்ரேஷனில் போட்டிருப்பார். குப்புற விழுந்தவருடைய நெஞ்சுக்கும் தரைக்கும் நடுவில் இருந்திருக்கிறது. பதினொன்று ஐம்பது. ஆறாவது ரிங்கில் மீட்டிங்கில் யாரோ அவள் பெயரைச் சொல்ல, அவள்தான் கட் செய்தாள்.

"இதுக்கு 0 போடலாம்க்கா" என்று ஆஃபியா மெதுவாகச் சொன்னாள்.

மிருதுளாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

ஹரிபிரசாத் வந்து சேர்ந்ததும், பன்னிரண்டு மணிக்கு அப்பாவை எடுத்தார்கள். பெண்கள் தெருமுனை வரை போய்த் திரும்பினார்கள். சித்தி வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தாள். சிட்டிபாபு பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அலமாரியில் அப்பாவின் போன் இருந்தது. பதினெட்டு சதவீதம் சார்ஜ். மிருதுளா அதை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். கருவிப் பெட்டிக்குப் பக்கத்தில், தரையில், குப்புற வைத்தாள். தன் போனிலிருந்து அழைத்தாள்.

திரையில் ஒரு பல் முளைத்தது. இன்னொன்று. ஐந்து, ஆறு, ஏழு.

"மிருது, தலைக்கு ஊத்திக்க வாம்மா" என்று அம்மா கூப்பிட்டாள்.

"வரேம்மா."

எட்டு, ஒன்பது. அவள் கட் செய்யவில்லை. அதுவாகவே நிற்கட்டும் என்று கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.