மீதி இரண்டு நிமிடம்

கேள்வி வந்தபோது வினோதாவின் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது, கையில் பால் கரைத்த டம்ளர் இருந்தது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அவள் டீச்சராக இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற காப்பகத்தில், போனுக்குச் சிக்னல் கிடைப்பது பின்பக்கச் சன்னல் விளிம்பில் மட்டும்தான், அதுவும் பனி இறங்காத நேரமாகப் பார்த்து, பாட்டெல்லாம் இறங்காது, செய்தி மட்டும் வரும். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார்கள் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டுப் போனதும் அவள் போனை அந்த விளிம்பில் சாய்த்து வைப்பாள். அப்புறம் பகல் முழுக்க ஒரு கண் பிள்ளைகள் மேல், ஒரு கண் அதன் மேல். வெளிநாட்டுச் சொந்தம் யாரோ கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிறாள் என்றுதான் தோட்டத்தில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ராக் இசை பற்றிய கேள்விக்காக நாற்பது வயதுப் பெண்ணொருத்தி சன்னலைப் பார்த்து ஏங்குகிறாள் என்றால் யார் நம்புவார்கள்? அதனால் அவளும் யாரிடமும் சொல்லவில்லை.

அது ஒரு வாட்ஸ்அப் குழு. கொழும்பு, கண்டி, துபாய், மெல்பேர்ன் என்று சிதறிக் கிடக்கிற ராக் பைத்தியங்கள் ஒருவரையொருவர் கேள்வி கேட்டு மடக்கிக்கொள்கிற இடம். எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். எந்தப் பாட்டில் டிரம்ஸ்காரர் பிளாஸ்டிக் வாளியைத் தட்டினார், எந்த ஆல்பத்தின் அட்டையில் இருப்பது பாடகனின் மாமியார் வீடு என்கிற ரகக் கேள்விகள். முதலில் சரியான பதில் சொன்னவருக்கு அடுத்த கேள்வி கேட்கும் உரிமை. இணையத்தில் தேடக் கூடாது. வினோதா சேர்ந்து இரண்டு வருடமாகிறது, இன்றுவரை ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. பதில் தெரியாமல் இல்லை. கேள்வி மலையேறி இந்தச் சன்னலுக்கு வந்து சேர்வதற்குள் கொழும்புக்காரன் எவனாவது பதில் சொல்லி, பாராட்டு வாங்கி, அடுத்த கேள்வியையும் கேட்டு முடித்திருப்பான். அபூர்வமாகச் சிக்னல் நன்றாக இருக்கிற நாளில் அவள் கையில் பீத்துணி இருக்கும்.

இப்போது அது வெறும் விளையாட்டாகவும் இல்லை. அடுத்த மாதம் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் குழு கூடப்போகிறது. இந்த வருடத்தில் ஒரு கேள்வியாவது கேட்டவர்களுக்கு மட்டுமே அழைப்பு என்று அட்மின் அறிவித்துவிட்டார். கொழும்பில் வக்கீலாக இருக்கும் மனிதர், எதற்காவது ஒரு விதி போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. வினோதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது அதில்தான். அவளுடைய மலைக்கு, பஸ் ஏறினால் போய் இறங்குகிற ஊருக்கு, அவர்கள் வருகிறார்கள். இருபது வருடமாக அவள் யாரிடமும் பேச முடியாமல் வைத்திருப்பதையெல்லாம் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசப்போகிறார்கள். அவளுக்கு அந்த மேசையில் ஒரு நாற்காலி வேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் அந்தக் கேள்வி வந்தது. ‘காப்பர் லேன்டர்ன்’ இசைக்குழுவின் இரண்டாவது ஆல்பம் எந்தச் சத்தத்தோடு முடிகிறது?

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். குழந்தையைப் பாயில் இறக்கினாள். அது வீறிட்டது. வீறிடட்டும். வந்திருக்கும் கேள்வி சாதாரணக் கேள்வி இல்லை. அந்த ஆல்பம் அவள் ஏ லெவல் படிக்கும்போது கைக்கு வந்தது. ஆங்கிலம் வர வேண்டுமானால் ஆங்கிலப் பாட்டுக் கேள் என்று டியூஷன் மாஸ்டர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, பக்கத்து டவுனான ஹட்டன் பஜாரில், பாட்டுகளைக் கேசட்டில் அடித்துத் தருகிற ஜமால்தீன் முதலாளியின் ரெக்கோடிங் பாருக்குப் போய், பேச்சுத் தெளிவாக இருக்கிற ஆங்கிலப் பாட்டாகப் பதிந்து தரச் சொன்னாள். அவர் பதிந்து கொடுத்தது இதை. பாடகன் பேசுவது அவன் அம்மாவுக்குக்கூடப் புரிந்திருக்காது. ஆங்கிலம் வளரவில்லை. ஆனால் அந்தக் கிட்டார் அவளை விடவில்லை. லயத்து ஒற்றையறை வீட்டில் அப்பா பக்கத்தில் படுத்திருக்க, டேப் ரெக்கோடரைப் போர்வைக்குள் வைத்துக் காதை அதில் ஒட்டிக்கொண்டு கேட்பாள். கடைசிப் பாட்டில் கிட்டார் ஏறும், ஏறும், இனி ஏற இடமில்லை என்கிற இடத்தில் சட்டென்று நின்றுவிடும். அந்த நிசப்தத்தில் அவளுக்கு மூச்சு முட்டும்.

பதிலை அவள் ரசித்து எழுதினாள். கிட்டார், அதுவும் சோலோவின் நடுவில் வேண்டுமென்றே அறுத்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். இத்தனை வருடமாக மனதுக்குள் வளர்த்து வைத்திருந்த விளக்கத்தையும் சேர்த்தாள். அந்த ஆல்பத்துக்குப் பிறகு கிட்டார் வாசித்தவன் சண்டை போட்டு இசைக்குழுவை விட்டுப் போய்விட்டான் அல்லவா, அந்தப் பிரிவைத்தான் அப்படி முன்கூட்டியே காட்டியிருக்கிறார்கள், ராக் இசையிலேயே இவ்வளவு துணிச்சலான முடிவு வேறு கிடையாது. அனுப்பினாள். பார்த்தால், அவளுக்கு முன்னால் ஒருவரும் பதில் சொல்லியிருக்கவில்லை. முதன்முறையாக அவள் முந்தியிருந்தாள். குழந்தையைத் தூக்கி அதன் கன்னத்தில் அழுத்தி ஒரு முத்தம் கொடுத்தாள்.

அடுத்த பதில் எல்.ஜே. என்பவனிடமிருந்து வந்தது. குழுவின் மகாகெட்டிக்காரன், கொழும்பின் பெரிய இடத்துப் பிள்ளை என்று எல்லோரும் பேசிக்கொள்கிற ஆள், முகத்துக்குப் பதில் ஒரு கிட்டாரின் படம் வைத்திருப்பவன். ‘நாய் குரைக்கும் சத்தம்’ என்று எழுதியிருந்தான். சரி என்று அறிவித்தார் அட்மின். எல்.ஜே. அதோடு விடவில்லை. வினோதாவின் பெயரோடு ஹட்டன் என்றும் இருப்பதைப் பார்த்திருப்பான் போல, ‘ஹட்டனில் கரண்ட் போயிருக்கும்’ என்று இன்னொரு வரி போட்டான். அவ்வளவுதான். கண்ணீர் வழியச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன, துபாயிலிருந்து, மெல்பேர்னிலிருந்து, எங்கெங்கோ இருந்து. இவ்வளவு துணிச்சலான முடிவு என்று அவள் எழுதிய வாக்கியத்தை ஒருவர் எடுத்து மறுபடி ஒட்டி, கீழே நாயின் படம் போட்டார். வினோதாவின் காது மடல்கள் சுட்டன. அன்று சிக்னல் ஒரு தடவைகூடப் போகவில்லை.

சாயந்திரம் பிள்ளைகளைத் தாய்மார்கள் கூட்டிக்கொண்டு போனதும் அவள் வீட்டுப் பெட்டிக்கடியிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்துக்கொண்டு புருஷனின் ஆட்டோவில் ஏறினாள்.

“இந்த மழையில இப்ப டவுனுக்கு என்னா அவசரம்?” என்றான் பிரதாப்.

“எவன் பொய் சொல்றான்னு தெரியணும்.”

அவன் வழியெல்லாம் மெதுவாகக் கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினான். பிறகு, “நாயி கொரைச்சா என்னா, பூன கத்துனா என்னா? பாட்டு முடிஞ்சிருச்சில்ல?” என்றான். அவள் முறைத்த முறைப்பில் சமாதானத்துக்கு இறங்கி, “சரி விடு. அவங்க வர்ற அன்னிக்கி நானே ஒன்ன நுவரெலியாவுக்குக் கூட்டிட்டுப் போறேன். வாசல்ல நின்னு பாத்துட்டு வருவோம்” என்றான். அவன் நல்லதாக நினைத்துத்தான் சொன்னான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ரெக்கோடிங் பார் இருந்த இடத்தில் இப்போது ஜமால்தீனின் மகன் ஃபாஸில் போன் திருத்துகிறான். கேசட்டைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. வாப்பாவின் கையெழுத்து என்று பெட்டியைத் தடவிப் பார்த்தான். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பினான், சிரித்தான்.

“டீச்சர், இது அறுவது நிமிஷ டேப்பு. அந்த ஆல்பம் அதவிட ரெண்டு நிமிஷம் கூட. வாப்பா பாட்டு முடியுற வரைக்கும் பாக்க மாட்டாரு, டேப்பு முடிஞ்சா வேலையும் முடிஞ்சிச்சி. கடையில வெச்சிருந்த மூலமும் இப்பிடித்தான். அதுலருந்துதான் கேட்ட ஆளுக்கெல்லாம் அடிச்சிக் குடுத்தாரு.”

“ஃபாஸில் நானா, அப்ப மத்தவங்களுக்கும் இப்பிடித்தானா?”

“இந்த டவுன்ல அந்தப் பாட்டு அங்கதான் நிக்கும்” என்று சொல்லிவிட்டு, ஃபாஸில் தன் போனில் முழுப் பாட்டைத் தேடியெடுத்து, கடைசிப் பகுதிக்குத் தள்ளி அவளிடம் நீட்டினான்.

இருபது வருடத்துக்குப் பிறகு வினோதா அந்தப் பாட்டின் மீதியைக் கேட்டாள். கிட்டார் உச்சிக்கு ஏறியது. நிற்கவில்லை. கால் வலிக்கிற ஆள் படியிறங்குவதைப் போல ஒவ்வொரு சுரமாகக் கீழே வந்தது. பியானோ ஒன்று சேர்ந்துகொண்டது. பாடகன் முன்னால் பாடிய வரியையே திரும்பத் திரும்ப முனகினான். யாரோ கதவைத் திறந்தார்கள், ஒரு நாய் இரண்டு தரம் குரைத்தது, எவனோ சிரித்தான், முடிந்தது.

“இவ்வளவுதானா?” என்றாள்.

அவளுக்கு அழுகை வந்தது. தோற்றதற்காகக்கூட இல்லை. அந்த மீதி நன்றாக இருந்திருந்தால் தாங்கியிருப்பாள், இத்தனை காலம் ஒன்றை இழந்திருந்தோம் என்றாவது வருத்தப்பட்டிருப்பாள். இது வழவழவென்று, முடிக்கத் தெரியாதவன் இழுத்தடித்த மாதிரி இருந்தது. ஜமால்தீன் முதலாளி அறுத்த இடம்தான் சரியான இடம். அதை அந்தக் குழுவில் போய்ச் சொன்னால் இன்னும் கொஞ்சம் சிரிப்பார்கள். யாரிடம் போய்ச் சொல்வது இதை? பிரதாப்பிடமா?

ஆட்டோ ஸ்டாண்டில் பிரதாப் யாருடனோ கதைத்துக்கொண்டு நின்றான். அவள் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து மழைத் திரையை இழுத்து விட்டபோது போன் அதிர்ந்தது. எல்.ஜே.யிடமிருந்து, குழுவில் அல்ல, அவளுக்குத் தனியாக. தமிழில்.

‘அக்கா, அது ஜமால்தீன் முதலாளி கடை கேசட்டா?’

அவள் இரண்டு தரம் படித்தாள். ‘நீங்க யாரு?’ என்று அனுப்பினாள்.

‘எம்பேரு லோஜன். டிக்கோயாப் பக்கம் தோட்டம். ஹட்டன்லதான் படிச்சேன். எங்கிட்டயும் அதே கேசட்டுத்தான். கொழும்புக்கு வேலைக்கு வந்தப்பறம் ஒரு வீட்ல வச்சி நானும் ஒங்கள மாதிரியே சொல்லி அசிங்கப்பட்டேன். அந்த எடத்துல நிக்கிறப்ப நெஞ்சே நின்னுரும்ல அக்கா? முழுப்பாட்டு எனக்குப் புடிக்கவே இல்ல. இத இன்னவரைக்கும் ஒருத்தருகிட்டயும் சொன்னதில்ல.’

வினோதாவுக்குச் சந்தோஷமும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின. உலகத்தில் இன்னொரு ஆள் இருக்கிறான். அதே போர்வை, அதே நிசப்தம். கரண்ட் போயிருக்கும் என்று எழுதியவனும் அவனேதான்.

‘அப்பறம் ஏன் அப்பிடிச் சிரிச்சீங்க?’

பதில் வந்தது. ‘மன்னிச்சிருங்க. இங்க யாருக்கும் நான் எந்த ஊருன்னு தெரியாது. குரூப்புல சொல்லிறாதீங்க. அடுத்த கேள்வி நான்தான் போடணும். பதில ஒங்களுக்கு மொதல்லயே சொல்லிர்றேன். போட்டவொடனே அனுப்புங்க. நுவரெலியாவுக்கு வந்துருங்க.’

கீழேயே கேள்வியும் பதிலும் இருந்தன. ஒரு பாட்டின் பின்னணியில் கேட்கிற தையல் மெஷின் யாருடையது என்கிற கேள்வி. பேஸ் கிட்டார் வாசித்தவனின் அக்காவுடையது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு உண்மையிலேயே கோபம் தலைக்கேறியது. அந்தப் பதில் அவளுக்குத் தெரியும். அவன் சொல்லாமலே தெரியும். அவன் வாயை மூடிக்கொண்டு கேள்வியை மட்டும் குழுவில் போட்டிருந்தால், இந்த ஸ்டாண்டில், இவ்வளவு நல்ல சிக்னலில், அவள் நியாயமாகவே ஜெயித்திருப்பாள். அதையும் கெடுத்துவிட்டான்.

குழுவில் கேள்வி விழுந்தது. வினோதா பதிலை டைப் செய்தாள். ஒரு தட்டுத் தட்டினால் நாற்காலி அவளுக்கு. அந்த மேசை, அந்தப் பேச்சு, எதிரே உட்கார்ந்து கொழும்புக்காரனாகச் சிரித்துக்கொண்டிருக்கப்போகிற லோஜன், அவனைத் தெரியாதவளாக அவள். கரண்ட் போன ஹட்டன் பற்றி யாராவது எடுத்தால் இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்க வேண்டும்.

யாரோ தவறான பதில் ஒன்றைச் சொன்னார்கள். இன்னொருவர் இன்னொரு தவறு. அவள் எழுதியதை அழித்தாள். புதிதாக எழுதினாள், ஆங்கிலத்தில், ஒவ்வொரு எழுத்தாக.

‘என் முறை இல்லை என்று தெரியும். ஆனாலும் ஒரு கேள்வி. காப்பர் லேன்டர்னின் அந்த ஆல்பம் ஒரே ஒரு ஊரில் மட்டும் நாய் குரைக்காமல், கிட்டாரோடு முடிகிறது. எந்தக் கடையில், ஏன்?’

அனுப்பினாள். அட்மின் உடனே விதியை நினைவுபடுத்தினார். கேள்விக்குறிகள் வந்தன. இது என்ன பைத்தியக்காரக் கேள்வி, இதற்கு யாருக்கு விடை தெரியும் என்று துபாய்க்காரர் கேட்டார். விடை தெரிந்த ஒருவன் அந்தக் குழுவிலேயே இருந்தான்.

பிரதாப் வந்து முன்னால் உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினான். “போவோமா?”

“நிப்பாட்டுங்க.”

“என்னா?”

“அந்த வளைவத் தாண்டுனா சிக்னல் போயிரும். நிப்பாட்டுங்கன்னு சொல்றேன்ல.”

அவன் எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். கூரை ரெக்சினில் மழை விழுந்துகொண்டிருந்தது. அவள் மூச்சுப் பட்டுத் திரையில் ஆவி படிந்தது, சேலைத் தலைப்பால் துடைத்தாள். குழுவின் பெயருக்குக் கீழே எல்.ஜே. டைப் செய்கிறார் என்று வந்தது. மறைந்தது. மறுபடி வந்தது.