ஐந்தாம் வரியில் மூன்றாவது குறி

நாற்பத்திரண்டு பேர் வந்தார்கள். நாற்பத்திரண்டு பேருக்கும் கண் நன்றாகத் தெரிந்தது. நான் பதிவேட்டில் ‘சரி’ என்று எழுதிக்கொண்டே போனேன். பாதிக்கு மேல் கை தானாகவே எழுதியது.

ஆடைத் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறை அது. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டிருந்தோம். மூன்றாம் லைனில் தைக்கும் பெண்களைப் பத்துப் பத்துப் பேராக அனுப்பினார்கள். கூடவே சூப்பர்வைசரும் வந்து, கதவில் சாய்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். நெடுநெடுவென்று வளர்ந்த ஆள், எந்நேரமும் மணி பார்ப்பவர். லைனில் அவருக்கு மணிக்கூண்டு என்று பெயர்.

மருத்துவமனைக்கு வர முடியாதவர்களைத் தேடிப் போவதுதான் எங்கள் வேலை. வேனில் இரண்டே பேர். பரிசோதனை செய்பவர் ஓர் அக்கா. எல்லோர் கண்ணிலும் டார்ச் அடிப்பதால் டார்ச்சக்கா ஆகிவிட்டார். வண்டி ஓட்டுவது, பெயர் எழுதுவது, மேசை தூக்குவது எல்லாம் நான். இதே தொழிற்சாலையில் இஸ்திரிப் பிரிவில் ஒன்றரை வருஷம் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டவன்.

தையல் கையெட்டும் தூரத்தில் நடக்கிற வேலை. அதனால் டார்ச்சக்கா உள்ளங்கை அளவுள்ள ஓர் அட்டையைக் கையில் கொடுத்துப் பார்ப்பார். அதில் எழுத்து கிடையாது. மூன்று பல் வைத்த சீப்பு மாதிரி ஒரு குறிதான். வரிக்கு வரி சிறிதாகிக்கொண்டே போகும். பல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று விரலால் காட்ட வேண்டும். ஒரு வரியில் ஒன்று தவறினால் பரவாயில்லை, பாஸ்தான்.

கடைசிப் பெண்ணும் போனபின் டார்ச்சக்கா பதிவேட்டை இழுத்துப் பார்த்தார்.

“இதுல நாப்பது வயசுக்கு மேல எத்தனை பேரு?”

“முப்பத்தொரு பேருக்கா.”

“முப்பத்தொரு பேருக்கும் அஞ்சாவது வரி தெரியுது. கண்ணாடி இல்லாம எனக்கே மூணாவது வரைக்கும்தான்.”

“நல்லதுதானே?”

“என்ன நல்லது? அஞ்சாவது வரியில மூணாவது குறி கீழ பாத்து இருக்கு. நாப்பத்திரண்டு பேரும் இடது பக்கம்னு காட்டினாங்க. கண்ணு கெட்டா ஆளுக்கு ஒரு விதமாக் கெடும்பா. யூனிபாரம் போட்டுக்கிட்டு ஒரே மாதிரி கெடாது.”

மணிக்கூண்டிடம் போய், பரிசோதனைக்கு இன்னொரு நாள் வேண்டும் என்று கேட்டார்.

“எதுக்கு? எல்லாரும் பாஸுன்னு உங்க நோட்டுலயே இருக்கே.”

“நோட்டு தப்பு. மறுபடி பாக்கணும்.”

“கண்ணு தெரியாதவங்க யாருன்னு பேரைக் குடுங்க. நான் பாத்துக்கறேன்.”

“பேரு குடுக்க மாட்டேன். அது எனக்கும் அவங்களுக்கும் உள்ளது.”

“அப்ப இந்த ரூமும் குடுக்க மாட்டோம். சாப்பாட்டு டைம் முடிஞ்சுபோச்சு, மேசையை எடுங்க.”

திரும்பும்போது நான் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன். முந்தின நாள் சாயங்காலம் அட்டைகள் இருந்த பையை வேனிலேயே விடாமல் வீட்டுக்குக் கொண்டுபோனவன் நான். அதே மூன்றாம் லைனில், வாசலிலிருந்து நான்காவது மிஷின் என் அண்ணியுடையது.

வீட்டில் ஒரு பழைய தையல் மிஷின் உண்டு. அன்று சாயங்காலம் அதன் இழுப்பறையைத் திறந்தேன். துணி வெட்டப் பயன்படுத்தும் பழுப்புத் தாளில் ஐந்து வரி சீப்புகள். அன்றும் பையோடு கொண்டுவந்திருந்த அட்டையைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான்கு வரியும் அச்சு அசல். ஐந்தாவதில் மூன்றாவது மட்டும் இடது பக்கம் திரும்பியிருந்தது.

அண்ணி காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

“பாத்துட்டியா? திருடல தம்பி. பாத்து எழுதிட்டு உன் பையிலயே வெச்சுட்டேன். காலையில பஸ்ல எல்லாருக்கும் காட்டினேன்.”

“எதுக்கு அண்ணி?”

“எதுக்கா? போன வருஷம் வேற ஒரு கூட்டம் வந்துச்சு டெஸ்ட் பண்ண. மூணு பேருக்குப் பார்வை கம்மின்னு லிஸ்ட் குடுத்துட்டுப் போனாங்க. மறுநாளே மூணு பேரையும் மிஷின்லேர்ந்து எழுப்பி பேக்கிங்ல போட்டுட்டான். பெட்டி தூக்கற வேலை, பாதிச் சம்பளம். கண்ணாடி இன்னும் வந்துக்கிட்டே இருக்கு. நீ அப்ப இஸ்திரியில தூங்கிட்டிருந்தே.”

“நைட் ஷிப்ட்ல யாருதான் தூங்கல?”

“எல்லாரும் உக்காந்து தூங்குவாங்க. நீ நின்னுக்கிட்டே தூங்கினே. அதுக்கு ஒரு திறமை வேணும்.”

நான் சிரிக்கவில்லை. தாளையும் அட்டையையும் அவள் முன்னால் வைத்தேன்.

“அஞ்சாவது வரி. மூணாவது.”

தாளைத் தூக்கிக் கையை நீட்டிப் பார்த்தாள். அட்டையைத் தூக்கிப் பார்த்தாள். பல்புக்குக் கீழே போய், கையை மடக்கியும் நீட்டியும் பார்த்தாள்.

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“இல்ல அண்ணி.”

அட்டையைக் கீழே வைத்துவிட்டு ஒரு சட்டையை எடுத்து மடித்தாள். பிறகு அதையே உதறி மறுபடி மடித்தாள்.

“இந்த மாசம் என் துணி ஒன்பது, தையல் சரியில்லன்னு திரும்பி வந்துச்சு,” என்றாள். “இன்னும் கொஞ்சம் வந்தா மணிக்கூண்டு தானாவே எழுப்பிடுவான். கண்ணாடி போட்டா அன்னைக்கே எழுப்பிடுவான். உங்க அண்ணன் லாரியில போனா எப்ப வருவாருன்னு அவருக்கே தெரியாது. இந்த வீடு அந்த ஒரு மிஷின்ல ஓடுது. நீயே சொல்லு, நான் கண்ணு தெரியாம வேலைய விடணுமா, தெரிஞ்சுக்கிட்டு விடணுமா?”

தாளையும் அட்டையையும் பைக்குள் எடுத்து வைத்தேன்.

மறுநாள் காலையில் வேனை எடுப்பதற்கு முன்பே டார்ச்சக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினார். அட்டைப் பையை வீட்டுக்குக் கொண்டுபோனதற்கு நான்கு வாக்கியம். அதன்பின், “சாயங்காலம் உங்க வீட்டுக்கு வரேன்,” என்றார்.

வந்து அண்ணிக்கு எதிரில் உட்கார்ந்தார். நான் டீ போட்டேன்.

“லிஸ்ட் யாருக்கும் போகாது. நான் சொல்றேன்.”

“போன தடவை வந்தவங்களும் இதையேதான் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க.”

“நான் சிரிக்கறேனா?”

அண்ணி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “இல்ல.”

“அப்புறம்?”

“உள்ள ரூம் கிடையாதே.”

“வெளிய ரோடு இருக்கு. கம்பெனி பஸ் எங்க நிக்குது?”

“கேட்டுக்கு எதிர்ல, தகர ஷெட்டுல. ஷிப்ட் முடிஞ்சு பஸ் கிளம்ப அரை மணி ஆகும்.”

“போதும்.”

“அட்டையக் கொண்டாராதீங்க. மறுபடி மனப்பாடம் பண்ணிருவாங்க. இந்தத் தடவை நான் எழுதிக் குடுக்கணும்னுகூட இல்ல, அந்தக் குறியெல்லாம் நாலு லைனுக்கும் பரவிடுச்சு.” அண்ணி எழுந்து கறுப்புத் துணித் துண்டு ஒன்றைத் தேடி எடுத்தாள். பழைய மிஷினில் கறுப்பு நூலைக் கோக்கப் போனாள். முதல் தடவை நூல் ஊசித் துளைக்குள் போகவில்லை, இரண்டாம் தடவையும் போகவில்லை. மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவிக் கோத்துவிட்டாள். ஒரு சாண் நீளத்துக்கு நேராக ஓட்டினாள். நடுவில் எங்கேயோ, ஒரே ஒரு தையலுக்கு மட்டும், தையல் நீளத்தைக் கூட்டும் திருகைத் திருப்பிவிட்டு மறுபடி குறைத்தாள்.

“இதுல ஒரு தையல் நீளமா இருக்கும். எங்கன்னு காட்டச் சொல்லுங்க. துண்டுக்குத் துண்டு இடம் மாறும். இதை எவளும் மனப்பாடம் பண்ண முடியாது. இது தெரியலைன்னா மிஷின்ல என்ன பண்றோம்னே தெரியலைன்னு அர்த்தம்.”

டார்ச்சக்கா துண்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். “எத்தனை துண்டு தைக்க முடியும்?”

“எத்தனை வேணும்?”

அறுபது தைத்தாள். தூங்கப் போகும்போது தரையெல்லாம் கறுப்பு நூல்.

பெண்களைச் சம்மதிக்க வைத்தது நாங்கள் அல்ல. கம்பெனி பஸ்ஸில் அண்ணி எழுந்து நின்று பேசினாளாம். “நான் எழுதிக் குடுத்த தாளுல ஒரு தப்பு இருந்துச்சு. நாப்பத்திரண்டு பேர் கையிலயும் அட்டை இருந்துச்சு. ஒருத்தியாவது குனிஞ்சு அட்டையப் பாத்தீங்களா?” பின்னால் இருந்து ஒரு குரல், “பாத்தேன், தெரியல, நீ எழுதினதே சரின்னு விட்டுட்டேன்,” என்றதாம். பஸ்ஸே சிரித்திருக்கிறது.

தகர ஷெட்டில் மூன்று சாயங்காலம். வேனின் பின்கதவைத் திறந்து வைத்து, உள்விளக்கைப் போட்டு, ஆளுக்கு இரண்டு நிமிஷம். முதல் ஆளாக அண்ணியே வந்து உட்கார்ந்தாள். துண்டை முன்னும் பின்னும் நகர்த்தினாள். புரட்டினாள்.

“நானே தச்சு நானே தேடறேன் பாரு.”

“சீக்கிரம் தேடுக்கா, பஸ் போயிடும்,” என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

“உனக்கென்னடி அவசரம், உன் முறை வரட்டும், உன் பவிசு தெரியும்.”

அண்ணிக்குத் தெரியவில்லை. அவசரப்பட்டவளுக்கும் தெரியவில்லை. டார்ச்சக்கா ஒவ்வொருவருக்கும் சோதனைச் சட்டகத்தை மாட்டி, லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டார். சரியான லென்ஸ் விழுந்ததும் பெண்கள் கத்தவெல்லாம் இல்லை. துணியில் ஒரு இடத்தில் நகத்தை வைத்து, “இங்க,” என்றார்கள். அவ்வளவுதான். டார்ச்சக்கா லென்ஸின் எண்ணை எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நாற்பத்திரண்டில் இருபத்து நான்கு பேருக்குத் தெரியவில்லை. அதில் ஒருவருக்குக் கண்புரை. அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக நாள் குறித்தோம். மீதி இருபத்துமூன்று பேருக்கும் தேவைப்பட்டது ஆளுக்கு ஒரு சாதாரணக் கண்ணாடி. வெளியே இரண்டு வேளை சாப்பிடுகிற விலை. இதற்காக இத்தனை வருஷம்.

கண்ணாடிகள் அடுத்த வாரமே வந்துவிட்டன. டார்ச்சக்கா உடனே கொடுத்துவிடலாம் என்றார். அண்ணி விடவில்லை.

“ஆளுக்கு ஒரு நாள் போட்டா, ஆளுக்கு ஒரு நாள் எழுப்புவான். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சரக்கு ஏத்தணும், ஒரு மிஷின் நின்னாலும் அவனுக்குத் தாங்காது. அந்த வாரம் திங்கட்கிழமை காலையில எல்லாரும் ஒண்ணாப் போடறோம்.”

“அப்பவும் எழுப்பினா?” என்று கேட்டேன்.

“அப்ப பாத்துக்கலாம்.”

திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு முன்னால் ஷெட்டில் கண்ணாடிகளைக் கொடுத்தோம். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். போட்டுக்கொண்டு போனவள் யாரும் இல்லை. நானும் டார்ச்சக்காவும் வேனுக்குள் உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு வேறொரு இடத்துக்குப் போகவேண்டியது. டார்ச்சக்கா வண்டியை எடு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தையல் கூடத்தின் ஜன்னல்கள் ரோட்டைப் பார்த்து இருக்கின்றன. மிஷின் சத்தம் கேட் வரைக்கும் வரும். அங்கே வேலை பார்த்தவனுக்கு அது காதில் விழுவதே இல்லை, நின்றால்தான் கேட்கும்.

ஒன்பதரை மணி வாக்கில் நின்றது.

மொத்தமாக நிற்கவில்லை. ஒரு பக்கம் குறைந்து, இன்னொரு பக்கம் குறைந்து, கடைசியில் ஒரே ஒரு மிஷின் மட்டும் ஓடி, அதுவும் நின்றது. ரோட்டில் ஒரு சைக்கிள் போகிற சத்தம் கேட்டது. டார்ச்சக்கா கதவைத் திறந்து இறங்கி கேட்டுக்கு நடந்தார். காவலாளி உள்ளே விடவில்லை. அவர் திரும்பியும் வரவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு கையாலும்.

எவ்வளவு நேரம் என்று சரியாகத் தெரியாது. மணிக்கூண்டுக்குத் தெரிந்திருக்கும். பிறகு ஒரு மிஷின் ஓடியது. இரண்டு. அதன்பின் எண்ண முடியவில்லை.

மதியம் அண்ணி கேட்டுக்கு வந்தாள். கண்ணாடி மூக்கில் இருந்தது, கொஞ்சம் கோணலாக. என்ன நடந்தது என்று கம்பி வழியாகவே சொன்னாள்.

“கண்ணாடியப் பத்தி ஒரு வார்த்தை பேசல. லைன் முழுக்க ஒரு நடை நடந்தான். என்கிட்ட வந்து நின்னான். ‘நீ பேக்கிங்குக்குப் போ’ன்னான். என்னை மட்டும்.”

“நீங்க?”

“எந்திரிச்சேன். வேற என்ன பண்ண? நாலு எட்டு நடந்திருப்பேன். பின்னாடி சத்தம் குறையுது. திரும்பிப் பாத்தா அந்த அவசரக்காரி எந்திரிச்சு நிக்கறா. ‘எனக்கும் கண்ணு தெரியல சார், நானும் பேக்கிங்’ங்கறா. அப்புறம் ஒவ்வொருத்தியா. கண்ணாடி இல்லாதவளுங்ககூட, மத்த லைன்காரிங்ககூட எந்திரிச்சுட்டாளுங்க. பேக்கிங்ல அத்தனை பேர் நிக்கறதுக்கே இடம் கிடையாது.”

“அவர் என்ன சொன்னாரு?” என்று கேட்டார் டார்ச்சக்கா.

“கடிகாரத்தைப் பாத்தான். ஆபீஸுக்குப் போன் போட்டான். வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமைன்னு நாலு தடவை சொன்னான். அப்புறம், ‘போய் உக்காருங்க’ன்னான்.”

“நீங்க எங்க உக்காந்தீங்க?”

“என் மிஷின்ல.”

டார்ச்சக்கா கம்பிக்குள் கையை விட்டு அண்ணியின் கண்ணாடியை நேராக்கினார். காதுக்குப் பின்னால் இறுக்கமாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார்.

“வலிக்குதா?”

“மூக்கு வலிக்குது. அது கிடக்கட்டும். போன வாரம் நான் தச்ச துணி மேசை மேல கிடந்துச்சு, எடுத்துப் பாத்தேன். எப்படிக்கா இவ்வளவு நாள் சும்மா விட்டான்? நானா இருந்தா அன்னைக்கே துரத்தியிருப்பேன்.”

“வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் ஏதாவது பண்ணுவாரா?”

“பண்ணுவான். மணிக்கூண்டு சும்மா இருக்காது.” அண்ணி உள்ளே திரும்பிப் பார்த்தாள். சாப்பாட்டு அறையிலிருந்து பெண்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள், சில மூக்குகளில் வெயில் பட்டு மின்னியது. “அதுக்குள்ள நாலாவது லைனையும் முடிச்சிரணும். அங்க முப்பத்தெட்டு பேரு. நாளைக்கு வருவீங்களா?”

டார்ச்சக்கா என்னைப் பார்த்தார். நாளைக்கு வேறொரு ஊருக்குப் போவதாக எழுதி மருத்துவமனையில் கையெழுத்தே வாங்கியாகிவிட்டது.

“இன்னைக்கு சாயங்காலமே ஆரம்பிக்கலாம்,” என்றேன்.