நீல அட்டைதான் கணக்கு

கப்பல் வருகிற நாளில் துறைமுகத் தெரு குளித்து, தலைவாரி, பவுடர் பூசிக்கொண்டு நிற்கும். குப்பைத் தொட்டிகளை எங்கேயோ கடத்திவிடுவார்கள். தெருநாய்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஊர்க்கோடியில் விடுவார்கள்; கப்பல் கிளம்புவதற்குள் அவை திரும்பி வந்துவிடும், அது வேறு விஷயம். கடைக்காரர்கள் சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் பல்லைக் காட்டுவார்கள். கப்பலிலிருந்து இறங்குகிறவர்களோ காலையில் அங்கேயே மூக்குமுட்டத் தின்றுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கும் அங்கேயே திரும்பிப் போகிறவர்கள். இடைப்பட்ட நேரத்தில் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, நாலு கடையைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். இதற்குத்தான் உள்ளூர்ப் பொருளாதாரம் என்று பெயர்.

பெயர் வைத்தவர் துறைமுகக் கம்பெனியின் வளர்ச்சி அதிகாரி. மண்டை பிளக்கிற வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மனிதர். அதனால் தெருவுக்கு அவர் கோட்டு சார். கப்பல் பெரிதாகப் பெரிதாக ஊரும் பெரிதாகும் என்று மேடைக்கு மேடை சொல்லுவார். கப்பல் என்னவோ வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டுதான் இருந்தது.

அந்தத் தெருவில் கப்பலை நம்பி நிஜமாகவே பிழைத்தது ஒரே ஒரு ஆள். தையலக்கா. அவள் பிழைப்பு பயணிகளால் ஓடவில்லை. கப்பலில் பாத்திரம் கழுவுகிறவர்கள், படுக்கை விரிக்கிறவர்கள், தட்டு ஏந்துகிறவர்கள், இப்படி ஒரு கூட்டம் ஊர்ப்பக்கம் தலைகாட்டக் கிடைக்கிற அரை நாளில் அவளிடம்தான் ஓடி வரும். சீருடையில் ஜிப் போயிருக்கும், முட்டி கிழிந்திருக்கும், இடுப்பு பிடிக்கும். கப்பல் கிளம்புவதற்குள் கைக்கு வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மேஸ்திரியின் வசவு. தையலக்கா சாப்பாட்டைக் கூட மறந்து தையல் மெஷினை மிதித்துத் தள்ளுவாள். எல்லாருடைய துணியையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொண்டுவருகிற நடுவயசுக்காரர் ஒருவர் இருந்தார். பாத்திரம் கழுவுகிறவர். அவர் பாஷை இவளுக்குத் தெரியாது, இவள் பாஷையில் அவருக்குத் தெரிந்தது "அக்கா" ஒன்றுதான். அவள் அவரை மூட்டைக்காரர் என்பாள். ஜாடையிலேயே அளவும் கூலியும் பேசி முடிந்துவிடும்.

கடை ஒடுக்கமான ஒற்றை அறை. வாசலோரம் இரண்டு மெஷின், நடுவில் வெட்டுமேஜை, அளவு பார்க்க ஒரு திரை. திரைக்குப் பின்னால் ஒரு கழிப்பறை. முன்பு அந்த அறையில் பல் டாக்டர் ஒருவர் இருந்தார். வலியில் துடிக்கிறவர்களுக்கு எதுவும் நேரலாம் என்று அவர் கட்டிவைத்துவிட்டுப் போனது. தெருவில் வேறு எந்தக் கடைக்கும் அந்த பாக்கியம் இல்லை.

அறை கம்பெனிக்குச் சொந்தம். வருஷா வருஷம் வாடகைப் பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும். இந்த வருஷம் அதில் கோட்டு சார் ஒரு புதுச் சட்டத்தைச் செருகினார். அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவன் தையலக்காவின் தம்பி. கம்பெனி கேட்டில் காலை முதல் நின்றுகொண்டு இறங்குகிறவர்களுக்கெல்லாம் வெல்கம் சொல்லுவான். சம்பளம் கிடையாது, ஒரு தொப்பி கொடுத்திருந்தார்கள். என்றைக்காவது வேலை நிரந்தரமாகும் என்று நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தான். தெருவில் அவன் பெயரே வெல்கம் ஆகிவிட்டது.

"அக்கா, ரூல் மாத்திட்டாங்க. எந்தக் கடைக்குள்ள பயணிங்க நிறைய வர்றாங்களோ அவங்களுக்குத்தான் இனிமே பத்திரம். மத்தவங்க காலி பண்ணிடணும்."

"என் கடையில கூட்டம் இல்லைன்னு எவன்டா சொன்னான்?"

"அது கப்பல் வேலைக்காரங்கக்கா. பச்சை அட்டை. நீல அட்டை போட்டவங்கதான் பயணி. வேலைக்காரங்களை யாரு கணக்குல எடுப்பா?"

"துணி கொடுத்துக் காசு கொடுக்கிறவன் கணக்குல இல்லை, வேடிக்கை பாக்கிறவன் கணக்கு. நல்லா இருக்குடா உங்க கம்பெனி!"

"என்கிட்ட ஏன் பாயறே? நான் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அடுத்த கப்பலுக்கே ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு ஸ்டூல் முளைத்தது. தையலக்கா கடை ஸ்டூலில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் உட்கார்ந்தார். கையில் அடக்கமாக ஒரு எண்ணும் மெஷின். அமுக்கினால் டிக் என்று ஒன்று கூடும். ஆயுசெல்லாம் பிள்ளைகளை எண்ணிப் பழகியவர், இந்த வேலையும் வேலைவாய்ப்புக் கணக்கில் சேர்ந்திருந்தது. மூட்டைக்காரரும் அவர் பின்னால் ஐந்தாறு பேரும் உள்ளே வந்தார்கள். வாத்தியார் கையை அசைக்கவில்லை.

"என்ன வாத்தியாரே, தூங்கிட்டீங்களா?"

"பச்சைம்மா. பச்சைக்கு அமுக்கினா என் சீட்டைக் கிழிச்சிடுவாங்க."

நீல அட்டை போட்ட அம்மாள் ஒருத்தி வந்து, வாசலிலேயே நின்று, தையலக்கா ஊசியில் நூல் கோப்பதை வளைத்து வளைத்துப் படம் எடுத்தாள். தையலக்கா வாழ்நாளில் செய்யாத காரியமாகச் சிரித்துக்கூட வைத்தாள். அம்மாள் போய்விட்டாள். டிக் கேட்கவில்லை.

"கால் உள்ள வைக்கணும்மா. எட்டிப் பாத்தா சேராது" என்றார் வாத்தியார்.

மத்தியானம் வரை இதே கூத்து. தையலக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்த அறை போனால் ஊருக்குள் எங்கே போவது? கப்பல்காரர்கள் ஊருக்குள் தேடி வரவா முடியும்? அவர்களுக்கு இருப்பதே அரை நாள். அப்போதுதான் நீல அட்டைக் கிழவர் ஒருவர் முகமெல்லாம் வியர்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார். கேட்கவே வேண்டாம், முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. தையலக்கா திரையை விலக்கிக் கையைக் காட்டினாள்.

டிக்.

கிழவர் புது மனிதராக வெளியே வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். டெர்மினலில் பளிங்குக் கழிப்பறைகள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் ஒருமுறை வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போகப் பையைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி, பரிசோதனை வரிசையில் கால்கடுக்க நிற்க வேண்டும். அவ்வளவு பெரிய துறைமுகத்தைக் கட்டியவர்களுக்கு, தெருவில் இறங்குகிற மனிதனுக்கு மூத்திரம் வரும் என்று மட்டும் தோன்றவில்லை.

தையலக்காவுக்கு மூளை மின்னலடித்தது. அன்று சாயங்காலமே வெல்கம் ஒரு பலகை எழுதிக்கொண்டு வந்து வாசலில் அடித்தான். படம் போட்ட பலகை. உலகத்தில் எந்த நாட்டுக்காரனுக்கும் புரிகிற படம்.

அடுத்த கப்பலுக்குக் கூட்டம் கடை வாசலைத் தாண்டி மூன்று கடை வரைக்கும் நின்றது. டிக், டிக், டிக். வாத்தியாருக்குக் கட்டைவிரல் வீங்கிவிட்டது. எதிர்ச்சாரி நகைக்கடைக்காரன் வயிறெரிந்து ஷட்டரைப் பாதி இறக்கினான். தையலக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வாசனைச் சோப்பு வாங்கி வைத்தாள், புதுக் கண்ணாடி மாட்டினாள். வரிசைக்கு இடம் வேண்டும் என்று வெட்டுமேஜையைச் சுவரோரம் தள்ளினாள். அதற்கடுத்த கப்பலுக்கு ஒரு மெஷினை மூடி வைத்தாள். ஊரையே கிழித்துத் தோரணம் கட்டுகிற வாய்க்குச் சொந்தக்காரி, "மேடம், திஸ் வே" என்று குழைந்ததைப் பார்க்க வேண்டுமே!

மூட்டைக்காரர் ஒருநாள் மூட்டையோடு வந்து வரிசையின் பக்கவாட்டில் நுழையப் பார்த்தார். நீல அட்டைகள் முறைத்தன. முண்டியடிக்கிறான் என்று நினைத்திருப்பார்கள். அவர் எட்டி நின்று, "அக்கா" என்றார். தன் கறுப்புப் பேண்டின் பின்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். தையல் விட்டுப் பிளந்திருந்தது. கடிகாரத்தைக் காட்டினார், கப்பலைக் காட்டினார், தட்டு ஏந்துகிற மாதிரி கையை வைத்துக் காட்டினார். இன்றைக்குத்தான் பாத்திரம் கழுவுவதிலிருந்து பரிமாறுகிற வேலைக்கு ஏற்றியிருக்கிறார்கள் போலிருக்கிறது. முகத்தில் அவ்வளவு பெருமை, அவ்வளவு பதற்றம்.

தையலக்காவுக்கு எல்லாம் புரிந்தது. புரிந்தும், "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று ஈயை ஓட்டுகிற மாதிரி கையை ஆட்டினாள். சோப்புத் தீர்ந்துவிட்டது என்று ஒரு மேடம் அவளை அழைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அவரோடு வருகிறவர்களும் வரவில்லை. கல்லாவில் கூலி விழவில்லை, கழிப்பறை இலவசம். ஆனால் டிக் சத்தம் காதில் இருக்கும்வரை அது உறைக்கவில்லை அவளுக்கு.

பத்திரம் புதுப்பிக்கிற நாளும் வந்தது. டெர்மினல் மண்டபத்தில் விழா. குளிர்சாதனம், பூங்கொத்து, மேடை. பயணிகளை அதிகம் கவர்ந்த உள்ளூர் நிறுவனம் என்று கோட்டு சார் தையலக்காவைத்தான் முதலில் கூப்பிட்டார். புதுத் துணி உடுத்தி மேடையேறினாள். சால்வை போர்த்தினார்கள், கையில் கேடயம் கொடுத்தார்கள், பளிச் பளிச்சென்று படம் எடுத்தார்கள். கீழே வெல்கம் கை வலிக்கத் தட்டினான்.

"பயணிகளுடைய உண்மையான தேவை என்ன? அதைக் கண்டுபிடிச்சது இந்தம்மாதான்" என்று மைக்கில் முழங்கினார் கோட்டு சார். "அதனால கம்பெனி ஒரு முடிவு எடுத்திருக்கு. அந்த அறையை முழுசா எடுத்து, நவீன கழிப்பறையா மாத்தப்போறோம்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. தையலக்கா கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மைக்குக்குப் பக்கத்தில் போனாள்.

"அப்போ என் கடை?"

"உங்க கடையைத்தாம்மா விரிவுபடுத்துறோம்."

"யோவ், நான் துணி தைக்கிறவ. உன் கோட்டுக்குப் பித்தான் போனாக்கூட நான்தான் தைக்கணும். என்னை என்னன்னு நினைச்சே?"

மைக் அணைந்தது. கோட்டு சாருக்குக் கோபமே வரவில்லை, அதுதான் அவளுக்குத் தாளவில்லை. பிள்ளைக்குப் பாடம் சொல்லுகிற குரலில் கேட்டார்: "நீங்களே சொல்லுங்க. இத்தனை பேர் உள்ள வந்தாங்களே, அதுல ஒருத்தராவது துணி கொடுத்தாங்களா?"

கொடுத்தவர்கள் இருந்தார்கள். அவர்களைக் கையை ஆட்டி விரட்டியது கம்பெனி இல்லையே.

ஒரே வாரத்தில் மெஷின் வெளியே வந்தது, பீங்கான் உள்ளே போனது. கதவுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவள் படத்தை ஆளுயரத்துக்கு மாட்டினார்கள். சால்வையும் கேடயமுமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே "நம் ஊரின் பெருமை" என்று எழுதியிருந்தது. பயணிகள் அவசரமாக உள்ளே போகும்போது பார்ப்பதில்லை. நிதானமாக வெளியே வரும்போது சிலர் அதோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

கேடயத்தை அவள் மெஷின் கால் ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்துவிட்டாள். இப்போது இருப்பு துறைமுகத்தின் பின்கேட். கப்பல் வேலைக்காரர்கள் போக வர இருக்கிற வழி அது. டீக்கடைக்காரர் தகரக் கூரையின் ஒரு மூலையை விட்டுக் கொடுத்தார். முதல் கப்பல் வந்தது. வேலைக்காரர்கள் அவளைப் பார்த்துக்கொண்டே கடந்து போனார்கள். ஒருவரும் நிற்கவில்லை. இவர்கள் நிற்காவிட்டால் அவளுக்கு வேறு போக்கிடமே இல்லை. கோட்டு சாரையும் கம்பெனியையும் வாய்க்குள்ளேயே திட்டித் தீர்த்தாள். எவ்வளவு திட்டியும் மனசு ஆறவில்லை, தன்னையும் அதே வரிசையில் நிறுத்தித் திட்ட வேண்டியிருந்தது.

அப்போது மூட்டைக்காரர் வந்தார். கையில் மூட்டை இல்லை. தலையைக் குனிந்து தாண்டிப் போனார். பின்பக்கம் தெரிந்தது. கறுப்புப் பேண்டில், கொட்டை கொட்டையாக, வெள்ளை நூலில் தையல். தானே போட்டுக்கொண்டிருக்கிறார். கிடைத்த நூலை வைத்து, கிடைத்த வெளிச்சத்தில். அந்தக் கோலத்தோடுதான் முதல் நாள் பரிமாறியிருப்பார். பரிமாற விட்டார்களோ, திரும்பப் பாத்திரத்துக்கே தள்ளினார்களோ.

தையலக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து ஓடிப் போய் வழியை மறித்தாள்.

"ஐயா, மூட்டைக்காரரே! தப்புதான். என்மேலதான் தப்பு. அதைக் கழட்டிக் கொடுங்க, முதல்ல அதைப் பிரிச்சுப் போடறேன். பாக்க முடியல."

வார்த்தை அவருக்குப் புரியவில்லை. அவள் பேண்டைக் காட்டி, தன் தலையில் தானே குட்டிக்கொண்டது மட்டும் புரிந்தது. பிறகு டீக்கடைக்குப் பின்னால் போய், இடுப்பில் துண்டோடு திரும்பி வந்தார். அவள் வெள்ளை நூலை ஒவ்வொன்றாக உருவிப் போட்டுக் கறுப்பு நூலில் இரட்டைத் தையல் அடித்துக் கொடுத்தாள். கூலி நீட்டினார். கையைத் தட்டிவிட்டாள்.

அடுத்த கப்பலுக்கு அவர் மூட்டையோடு வந்தார். அதற்கடுத்த கப்பலுக்குத் தகரக் கூரைக்கு வெளியே வரிசையே நின்றது.

அந்த வரிசையைப் பிளந்துகொண்டு ஒருநாள் வெல்கம் வந்தான். அவனுக்கு ஒருவழியாக வேலை நிரந்தரமாகிவிட்டது. கழிப்பறை வாசலில், அக்கா படத்துக்குக் கீழே, நாற்காலி போட்டு உட்காருகிற வேலை. சோப்பு நிரப்ப வேண்டும், தரை துடைக்க வேண்டும், வெல்கம் சொல்ல வேண்டும். புதுச் சீருடை கொடுத்திருந்தார்கள். பேண்ட் கால் தரையைக் கூட்டிக்கொண்டு வந்தது.

"அக்கா, சீக்கிரம் இதைக் கொஞ்சம் மடிச்சு அடிச்சுக் கொடு. கோட்டு சார் வந்துட்டு இருக்காரு."

அவள் மெஷினை நிறுத்தவில்லை. "கழுத்துல என்னடா அது?"

"அட்டைக்கா. கம்பெனி கொடுத்தது." சொல்லும்போதே அவன் கை அதை மூடிக்கொண்டது.

"கையை எடு. என்ன கலரு?"

வெல்கம் இப்படியும் அப்படியும் பார்த்தான். வரிசை மொத்தமும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பச்சை" என்றான்.

"வேலைக்காரங்களை யாருடா கணக்குல எடுப்பா?" என்று கேட்டாள் அக்கா. "போ. போய்க் கடைசியில நில்லு."

வெல்கம் பேண்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதல் தடவையாக வாயைத் திறக்காமல் போய், மூட்டைக்காரருக்குப் பின்னால் நின்றான்.