கோலுக்குள் ஒருத்தனுக்குத்தான் இடம்

பக்தி முற்றிப்போய் ஒன்றும் ஜஸ்மேல் கவுர் அன்று குருத்வாராவுக்குப் போகவில்லை. வயிற்றெரிச்சலில்தான் போனாள். மலேசியாவில் எட்டு நாட்டு ஹாக்கிப் போட்டி தொடங்கி நாலு ஆட்டம் முடிந்திருந்தது. நாலிலும் அவள் மகன் நவ்தேஜ் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்ததுதான் மிச்சம். கோல்கீப்பராக நின்றதெல்லாம் எதிர்வீட்டு ஹர்கமல். ஜலந்தர் பக்கத்து அந்த ஒரே தெருவிலிருந்து இந்திய அணிக்கு இரண்டு கோல்கீப்பர்கள் என்று ஊரே மார்தட்டிக்கொண்டது. பெஞ்சில் இருக்கிறவனைப் பெற்றவளுக்கல்லவா தெரியும் அந்தப் பெருமையின் லட்சணம்!

"பாயீஜி, என் பையன் களத்துல எறங்கணும்னு ஒரு அர்தாஸ் பண்ணுங்க" என்று அங்கே வேதம் ஓதுகிற கிரந்தியிடம் சொன்னாள்.

மனசுக்குள் முணுமுணுத்துவிட்டு வருகிற வேண்டுதலா அது? யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று கிரந்தி எழுந்து நின்று பெயரோடு மைக்கில் சொல்லுவார். அன்றும் சொன்னார். "ஜஸ்மேல் கவுர் கேக்குறாங்க. நவ்தேஜ் சிங்குக்குக் கோல் காக்கிற வாய்ப்பை அருளணும், சச்சே பாத்ஷா!" கம்பத்து ஸ்பீக்கர் அதை ஊர் முழுக்கக் கொண்டுபோனது. அவளும் நிம்மதியாக வீட்டுக்கு வந்து எருமைக்குத் தீவனம் வைத்தாள்.

மறுநாள் அரையிறுதி. மூன்றாவது குவார்ட்டரில் பாய்ந்து விழுந்த ஹர்கமல் எழுந்திருக்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு புரண்டான். ஸ்ட்ரெச்சர் வந்தது. நவ்தேஜ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓடினான். ஜெர்மனிக்காரர்களின் இரண்டு பெனால்டி கார்னரைக் காலாலேயே உதைத்துத் தள்ளினான். இந்தியா ஜெயித்துவிட்டது.

தெருவில் மேளம் முழங்கியது. யாரோ ஜஸ்மேலின் வாயில் லட்டைத் திணித்தார்கள். அவள் அதைத் துப்பட்டா முனையில் மெல்லத் துப்பிக்கொண்டாள். 'அடிப்பாவி, நீ கேட்டதுதானேடி இது' என்று மனசு குத்தியது. எதிர்வீட்டுக் கதவு சாத்தியே கிடந்தது.

கூட்டம் கலைந்ததும் புருஷனிடம் மெல்லக் கேட்டாள். "ஏங்க, நேத்துக் காலையில குருத்வாரா ஸ்பீக்கர் வேலை செஞ்சுதா?"

மேஜர் சிங்குக்குப் பெயரில்தான் பட்டாளம். பெண்டாட்டி முன்னால் வாயைத் திறக்கிற ஆளில்லை. அன்று திறந்தான். "செஞ்சுதாவா? புதுசா மாட்டினதாச்சே! வயல்ல மோட்டார் சத்தத்தையும் மீறி எனக்கே கேட்டுச்சு. ஏன் தாயே, இன்னும் ஏதாச்சும் கேக்கணுமா?"

விடிந்ததும் விடியாததுமாக அவள் எதிர்வீட்டுக்குப் போனாள். ஹர்கமலின் அம்மா ஷிந்தர் முற்றத்தில் கடுகுக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வாம்மா, கோல்கீப்பர் அம்மா! ஊருக்கெல்லாம் லட்டு, எனக்கு மட்டும் வெறுங்கையா?"

"அக்கா, சத்தியமா உங்க பையன் விழணும்னு நான் கேக்கல."

"நீ எதுக்கு அப்படிக் கேக்கப்போற? உன் பையன் எறங்கணும்னு கேட்ட. கோலுக்குள்ள எத்தனை பேருடி நிப்பாங்க? இத்தனை வருசமா ஹாக்கி பாக்குறியே, இதுகூடவா தெரியாது உனக்கு?"

சண்டை என்று வந்தால் தெருவையே இரண்டாக்குகிற ஜஸ்மேல், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிடி கீரையை எடுத்து ஆய்ந்தாள். நவ்தேஜ் சின்ன வயசில் முதன்முதலாகக் கட்டிய கால்பேடு ஹர்கமல் கட்டிக் கழித்தது. அறுந்த வாரைத் தைத்துக் கொடுத்தவள் இதே ஷிந்தர்.

"முட்டி எப்படி இருக்காம்க்கா?"

"வீங்கியிருக்காம். நாளைக்கு ஃபைனல்ல எறங்குறது சந்தேகம்னு சொல்லிட்டாங்க. உனக்கென்ன கவலை? உன் பையன்தான் இருக்கானே."

அங்கிருந்து நேரே குருத்வாராவுக்கு ஓடினாள். "பாயீஜி, அன்னிக்குக் கேட்டதை வாபஸ் வாங்கணும்."

"கடையில வாங்கின துணியாம்மா, திருப்பிக் குடுக்க?"

"அப்போ புதுசா ஒண்ணு கேளுங்க. ஹர்கமல் முட்டி சரியாகி ஃபைனல்ல அவனே நிக்கணும். என் பேரைச் சொல்லியே கேளுங்க. ஸ்பீக்கரை நல்லாக் கூட்டி வைங்க."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா?"

"யோசிச்சா கேக்க மாட்டேன். சீக்கிரம் கேளுங்க!"

கேட்டார். ஊரே கேட்டது. அன்றைக்குத்தான் அவளுக்கு ரொட்டி இறங்கியது. உள்ளுக்குள் ஒரு திருட்டுக் கணக்கும் இருந்தது, அதையும் சொல்லித்தானே ஆகவேண்டும். வீங்கின முட்டி ஒரே நாளில் எங்கே ஆறப்போகிறது? கேட்ட புண்ணியத்துக்குப் புண்ணியமும் ஆச்சு, மகன் நிற்கிறதும் நிற்பான்.

ஃபைனல் அன்று காலையில் நவ்தேஜ் போன் பண்ணினான்.

"அம்மா, ஹர்கமல் அண்ணனுக்கு வீக்கம் வடிஞ்சுருச்சு. ஓடிக் காட்டிட்டான். கோச் அவனையே நிறுத்துறார்."

"அப்படியா கண்ணு..."

"நம்ம தெரு குரூப்புல நேத்து ஒரு வீடியோ வந்துச்சு. ஸ்பீக்கர்ல உன் பேர் கேட்டுச்சு. நாலு மேட்ச் சும்மா உக்காந்திருந்தேன்மா. ஒரு மேட்ச் ஆடினேன், நல்லாத்தானே ஆடினேன்? அண்ணனுக்குக் கேட்ட, சரி. எனக்காக ஒரு தடவையாச்சும் கேட்டியா?"

முதலில் கேட்டது இன்னும் அவன் காதுக்குப் போகவில்லை போலிருக்கிறது. சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால், அவன் உதைத்துத் தள்ளின இரண்டு கார்னரும் அவனுடையதாக இருக்காது. அண்ணன் விழுந்ததால் கிடைத்த, அம்மா கேட்டு வாங்கிக்கொடுத்த ஆட்டமாகிவிடும்.

"இல்ல கண்ணு, கேக்கல" என்றாள்.

அவன் போனை வைத்துவிட்டான். அவள் அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஷிந்தர் நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது.

"எழுந்திரு. எங்க வீட்டு டிவியில பாக்கலாம், வா."

போனாள். கடைசி ஐந்து நிமிஷம், ஒன்றுக்கு ஒன்று. ஆஸ்திரேலியாவுக்குப் பெனால்டி கார்னர். முட்டியில் கட்டோடு ஹர்கமல் கோலுக்குள் குனிந்து நின்றான். கேமரா ஒரு நொடி பெஞ்சுக்குப் போய்த் திரும்பியது. தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு நவ்தேஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அறையில் எல்லோரும் கண்ணை மூடிக் கைகூப்பினார்கள். ஜஸ்மேல் மட்டும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீயும் கேளேன்டி" என்றாள் ஷிந்தர்.

"வேண்டாம்க்கா. நான் கேட்டா கிடைச்சுருது."